ரெக்கார்டு நோட்டில் கொதிக்கும் தண்ணீர்

நீரின் கொதிநிலை காணும் பரிசோதனையை எழுதிய ரெக்கார்டு நோட்டு கையில் கிடைத்தால், அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முதல் தடவை 100, இரண்டாம் தடவை 100, மூன்றாம் தடவை 100, சராசரி 100 டிகிரி செல்சியஸ் என்று அட்டவணை அழகாக இருக்கும். காகிதத்தின் மேல் ரப்பர் தேய்த்த சொரசொரப்பும் இருக்கும். அதற்கடியில் பென்சில் தடமாக 98 தெரியும். சிலதில் 97, சிலதில் 98.5. பையன் தெர்மாமீட்டரில் கண்டதைத்தான் முதலில் எழுதியிருக்கிறான். பக்கத்து மேசைக்காரன் நோட்டை எட்டிப் பார்த்தோ, “தண்ணி நூறுலதானடா கொதிக்கும்” என்று யாரோ சொன்னதைக் கேட்டோ அப்புறம் திருத்தியிருக்கிறான். கீழே டிக், கையெழுத்து, தேதி.

இதில் என்ன குடி முழுகிப்போயிற்று என்று கேட்கலாம். புத்தகம் 100 என்கிறது, பையன் 100 என்று எழுதினான், மார்க் வந்தது. ஆனால் விடையை முன்கூட்டியே தெரிந்துகொண்டு அதை எழுதுவதற்கு பர்னரும் பீக்கரும் எதற்கு? பேனா மட்டும் போதுமே. இதைவிட உறுத்துவது வேறொன்று. அந்தப் பக்கம் முழுவதிலும் விஷயமுள்ள ஒரே எண் அந்த அழிந்துபோன 98தான். தெர்மாமீட்டரின் குறை, பீக்கரில் தண்ணீர் நின்ற ஆழம், அன்றைய காற்றழுத்தம், அந்த ஊரின் உயரம் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. 100க்குள் அச்சிட்டவரின் கை மட்டுமே இருக்கிறது. அந்த 98ஐ ரப்பரிலிருந்து மீட்டு உட்கார்ந்து கணக்குப் பார்த்தால் என்ன ஆகும் என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

எதைக் கொதி என்பது

சிக்கல் தெர்மாமீட்டருக்கு முன்னாலேயே தொடங்கிவிடுகிறது. தண்ணீர் கொதித்துவிட்டது என்று எதை வைத்துச் சொல்வது? 250 மில்லி பீக்கரில் 150 மில்லி தண்ணீர் ஊற்றி, முக்காலியில் கம்பிவலை போட்டு ஏற்றி, பர்னரை மிதமாக எரியவிட்டுப் பக்கத்திலேயே நில்லுங்கள். 50, 60 டிகிரியிலேயே கடுகைவிடச் சிறிய குமிழ்கள் பீக்கரின் சுவரிலும் அடியிலும் ஒட்டிக்கொண்டு நிற்கும். அது நீராவி இல்லை, தண்ணீரில் கரைந்திருந்த காற்று. சூடு ஏற ஏற அவ்வளவு காற்றைத் தண்ணீரால் கரைத்து வைத்துக்கொள்ள முடியாமல் வெளியே விடுகிறது. அவசரக்காரர்கள் இங்கேயே “கொதிச்சிருச்சு” என்று 70ஐ எழுதிவிடுவார்கள். 80ஐத் தாண்டியதும் சத்தம் கிளம்பும். முதலில் மெல்லிய சீறல், அப்புறம் இரைச்சல். அடித்தட்டில் இப்போது நிஜ நீராவிக் குமிழ்கள் பிறக்கின்றன. ஆனால் மேலே ஏறும் வழியில் இன்னும் சூடேறாத தண்ணீர் அவற்றைக் குளிரவைத்து நசுக்கிவிடுகிறது. எண்ண முடியாத குமிழ்கள் நசுங்கும் ஓசைதான் அந்த இரைச்சல். கொதிக்கப்போகிற உலை சத்தம் போடும், கொதித்த உலை அடங்கும் என்பது அடுப்படியில் நிற்பவர்கள் காதுக்கு நன்றாகத் தெரியும். குமிழ்கள் நசுங்காமல் மேற்பரப்பு வரை வந்து உடையத் தொடங்கியதும் இரைச்சல் தணிந்து ‘தளதள’ கேட்கிறது. நாம் அளக்க வேண்டிய இடம் அதுதான்.

கண்ணையும் காதையும் மட்டும் நம்ப வேண்டாம் என்றால் கடிகாரம் இருக்கிறது. 60 டிகிரியில் தொடங்கி 30 வினாடிக்கு ஒரு முறை வெப்பநிலையைக் குறித்துக்கொண்டே போங்கள். எண் ஏறி ஏறி வந்து ஓரிடத்தில் நின்றுவிடும். அங்கிருந்து தொடர்ச்சியாக ஐந்தாறு அளவீடு ஒரே எண்ணாக வந்தால் அதுதான் கொதிநிலை. பிறகு பர்னரைப் பாதியாகக் குறைத்து, தண்ணீர் தளதளத்துக்கொண்டே இருக்கும்படி வைத்து, இன்னொரு ஐந்து அளவீடு எடுங்கள். எண் நகராது. தீ அதிகம் கொடுத்தால் ஆவி அதிகம் போகிறதே தவிர தண்ணீரின் சூடு ஏறுவதில்லை. ஒரு கிராம் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100க்குக் கொண்டுவர ஏறத்தாழ 293 ஜூல் போதும். அதே ஒரு கிராமை 100 டிகிரி ஆவியாக்க 2257 ஜூல் வேண்டும், ஏழு மடங்குக்கு மேல். பருப்பு உலை கொதித்த பிறகும் அடுப்பை முழுசாக எரியவிடுகிறவர்கள் அந்த ஏழு மடங்குக்குத்தான் கேஸ் காசு கட்டுகிறார்கள். பருப்பு அதனால் ஒரு நிமிடம்கூட முந்தி வேகாது.

பீக்கரில் இன்னொரு வம்பு உண்டு. சுத்தமான, கீறலில்லாத கண்ணாடியில் குமிழ் பிறக்க இடம் கிடைப்பதில்லை. தண்ணீர் கொதிநிலையைத் தாண்டிச் சூடேறி, திடீரென்று ஒரு குமிழ் வெடித்து பீக்கரே எகிறும். 18ஆம் நூற்றாண்டில் ஜெனிவாக்காரரான ழான் ஆந்த்ரே த லூக், தண்ணீரில் கரைந்திருந்த காற்றை நீக்குவதற்காக நான்கு வாரம் குடுவையைக் குலுக்கிக்கொண்டே இருந்தார். அந்தத் தண்ணீரை 112 டிகிரி வரை கொதிக்காமல் சூடேற்றவும் செய்தார். நமக்கு அந்தப் பொறுமை வேண்டாம். உடைந்த பீங்கான் கிண்ணத்திலிருந்து அரிசி அளவில் மூன்று நான்கு துண்டு போட்டால் போதும், குமிழ் அதன் துளைகளிலிருந்து கிளம்பும். அடுப்பை மூட்டுவதற்கு முன்னால் போட வேண்டும். சூடான தண்ணீரில் போட்டால் முகத்தில் தெறிக்கும்.

கண்ணாடிக் குழாயின் குணம்

இனி தெர்மாமீட்டர். லேபில் கிடைப்பது பெரும்பாலும் மைனஸ் 10 முதல் 110 வரை கோடு போட்டது, மீச்சிற்றளவு, அதாவது இரண்டு கோட்டுக்கு நடுவே உள்ள அளவு, 1 டிகிரி. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரைக் கொதிதண்ணீரில் விட்டு உடைப்பதும் வருஷத்துக்கு ஒரு முறை எங்காவது நடக்கிறது. அதன் அளவு 42 டிகிரியோடு முடிந்துவிடும். வேலை தொடங்கும் முன் பாதரச இழையோ சிவப்புச் சாராய இழையோ நடுவில் அறுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெட்டியில் படுக்கவைத்துத் தூக்கிக்கொண்டு அலைந்ததில் இழை அறுந்து இடையில் ஒரு வெற்றிடம் தெரியும். இரண்டு மில்லிமீட்டர் வெற்றிடமே ஒன்றிரண்டு டிகிரியைக் கூட்டிக் காட்டிவிடும். மூன்று பங்கு பொடித்த ஐஸ், ஒரு பங்கு கல்லுப்பு கலந்து அதில் தெர்மாமீட்டரின் அடியிலுள்ள கண்ணாடிக் குமிழை மட்டும் நிமிர்த்தி வையுங்கள். திரவம் முழுவதும் சுருங்கிக் குமிழுக்குள் இறங்கும். பிறகு வெளியே எடுத்து, கைச்சூடு படாமல் தானாகச் சூடேற விட்டால் இழை ஒன்றாக எழும்பும். உதறுவதும் தட்டுவதும் குழாயை உடைப்பதற்கான வழி.

அடுத்தது சுழிப்பிழை. தெர்மாமீட்டருக்கு 0 எங்கே இருக்கிறது என்று அதையே கேட்க வேண்டும். ஐஸைத் துணியில் சுற்றி நன்றாக நொறுக்கி, டம்ளர் நிறையப் போட்டு, இடுக்குகள் மட்டும் நிறையும்படி காய்ச்சி வடித்த தண்ணீரை ஊற்றுங்கள். ஐஸ் மிதந்து அடியில் வெறும் தண்ணீர் நின்றால் தண்ணீர் அதிகம் என்று அர்த்தம், இறுத்துவிடுங்கள். தண்ணீர் 4 டிகிரியில்தான் மிகவும் கனமாக இருக்கிறது. அதனால் அடியில் தேங்குவது 0 இல்லாமல் 3, 4 டிகிரித் தண்ணீராக இருக்கலாம். இந்தக் குழம்பில் 0 கோடு வரை தெர்மாமீட்டரைச் செருகி ஐந்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். காட்டுவது மைனஸ் அரை டிகிரி என்றால், இந்த தெர்மாமீட்டர் அரை டிகிரி குறைத்துச் சொல்கிறது என்று நோட்டின் முதல் வரியில் எழுதிக்கொள்ளுங்கள். இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்யச் சொல்லும் லேப் மிகக் குறைவு.

எண்ணைப் படிக்கும்போது கண் இழையின் உச்சிக்கு நேராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இடமாறு தோற்றப்பிழை வரும். இதைப் புத்தகமே சொல்லிவிடுகிறது, ஆகவே நீட்டவில்லை. புத்தகம் அதிகம் சொல்லாத இன்னொரு பிழைதான் 98இன் பெரிய பங்கைத் தின்கிறது.

தெர்மாமீட்டரின் தண்டைச் சுற்றி, குமிழுக்கு ஏழெட்டு சென்டிமீட்டர் மேலே, ஒரு மெல்லிய வளையக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தக் கோடு வரை திரவத்தில் மூழ்கினால்தான் அளவு சரியாக இருக்கும் என்று செய்தவர் சொல்கிறார். இல்லாவிட்டால் இழை எதுவரை ஏறியிருக்கிறதோ அதுவரை முழுக்க மூழ்கியிருக்க வேண்டும் என்று பொருள். நாம் எங்கே மூழ்கவைக்கிறோம்? 250 மில்லி பீக்கரில் 150 மில்லி ஊற்றினால் ஆழம் நான்கு சென்டிமீட்டர்தான். குமிழ் மட்டும் வெந்நீரில் இருக்கிறது. மைனஸ் 10இலிருந்து 98 வரை எழும்பி நிற்கும் மொத்த இழையும் வெளிக்காற்றில் நிற்கிறது. குமிழில் 98 டிகிரி சூடு, இழையில் 38, 40 டிகிரிதான். குளிர்ந்த இழை சுருங்கி நிற்கிறது, சுருங்கிய அளவுக்கு எண் குறைகிறது. இதற்கு எளிய சூத்திரம் ஒன்று உண்டு. வெளியே நிற்கும் இழையின் நீளத்தை டிகிரிக் கணக்கில் எடுத்து, குமிழின் சூட்டிலிருந்து இழையின் சராசரிச் சூட்டைக் கழித்து வந்ததால் பெருக்கி, பாதரசம் என்றால் 0.00016ஆல் பெருக்க வேண்டும். இழையின் சராசரிச் சூட்டுக்கு இரண்டாவது தெர்மாமீட்டர் ஒன்றின் குமிழை முதலாவதின் தண்டில், வெளியே நிற்கும் பகுதியின் நடுவில் நூலால் கட்டிவிட்டால் ஆயிற்று.

சிவப்புச் சாராய தெர்மாமீட்டர் என்றால் பெருக்க வேண்டிய எண் 0.001ஐ ஒட்டி வரும், பாதரசத்தைப்போல் ஆறு மடங்கு. வளையக் கோடு இல்லாத சாராய தெர்மாமீட்டரை ஆழமில்லாத பீக்கரில் நுனி மட்டும் நனைய விட்டால் அது ஆறு டிகிரி வரை குறைத்துக் காட்டும். சென்னையில் உட்கார்ந்துகொண்டு ஊட்டிக் கொதிநிலையை எழுதிவிடலாம்!

அழித்த எண்ணின் கணக்கு

இப்போது கணக்குக்கு வரலாம். சென்னையில் ஒரு ஜூன் மாதத்து லேப் என்று வைத்துக்கொள்வோம். பாதரச தெர்மாமீட்டர், முழுக்க மூழ்க வேண்டிய வகை. 250 மில்லி பீக்கர், தண்ணீர் நான்கு சென்டிமீட்டர் ஆழம். எண் 98இல் நின்றுவிட்டது. ஐஸில் வைத்தபோது மைனஸ் 0.5 காட்டியது. தண்டின் நடுவில் கட்டிய இரண்டாவது தெர்மாமீட்டர் 38 காட்டுகிறது.

வெளியே நிற்கும் இழை மைனஸ் 10 முதல் 98 வரை, அதாவது 108 டிகிரி. சூட்டு வித்தியாசம் 98இல் 38 போக 60. 108ஐ 60ஆல் பெருக்கி 0.00016ஆல் பெருக்கினால் 1.04. ஆக இழைக்காக 1.0 கூட்ட வேண்டும். சுழிப்பிழைக்காக 0.5 கூட்ட வேண்டும். 98 இப்போது 99.5.

இன்னும் 100 வரவில்லையே என்று ரப்பரைத் தேட வேண்டாம். தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பது காற்றழுத்தம் 1013.25 ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) இருக்கும்போதுதான். சென்னையில் ஜனவரியில் அழுத்தம் அதை ஒட்டி இருக்கும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் 1003, 1004க்கு இறங்கிவிடும். கொதிநிலைக்குப் பக்கத்தில் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் 0.028 டிகிரி குறையும். 1003 என்றால் பத்தேகால் ஹெக்டோபாஸ்கல் குறைவு, 0.29 டிகிரி. ஆக அன்றைக்கு அந்த ஊரில் தண்ணீர் கொதிக்க வேண்டிய இடம் 99.7. திருத்திய அளவீடு 99.5. இரண்டுக்கும் இடைவெளி 0.2. மீச்சிற்றளவு 1 டிகிரி உள்ள கருவியில் கண்ணால் படிப்பதிலேயே அரை டிகிரி முன்பின் இருக்கும். இடைவெளி அதற்குள் அடங்கிவிட்டது.

அந்தப் பையன் சரியாகத்தான் அளந்திருக்கிறான். கருவி எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவு சொன்னது, கண் எவ்வளவு படிக்க முடியுமோ அவ்வளவு படித்தது. மூன்று திருத்தமும் வேறு வேறு இடத்திலிருந்து வந்தவை. ஐஸ் டம்ளருக்கும் வானிலைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, தண்டில் கட்டிய நூலுக்குப் புத்தகம் என்ன சொல்கிறது என்று தெரியாது. ஆனாலும் மூன்றும் சேர்ந்து 98ஐக் கொண்டுபோய் 99.7க்குப் பக்கத்தில் விடுகின்றன. ரெக்கார்டு நோட்டில் 100 என்று எழுதியவனுக்கு இந்தக் கணக்கைப் போடவே முடியாது. 100உடன் 1.5ஐக் கூட்டினால் 101.5. 99.7இலிருந்து கிட்டத்தட்ட 2 டிகிரி தள்ளிப் போய்விடும். ‘சரியான’ விடைதான் உண்மையில் தப்பு.

புத்தகத்து 100க்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1742இல் உப்சாலாவில் ஆண்டர்ஸ் செல்சியஸ் தன் அளவுகோலைத் தந்தபோது கொதிநிலைக்கு 0, உறைநிலைக்கு 100 என்றுதான் வைத்தார். அவர் 1744இல் இறந்த பிறகுதான் அது தலைகீழாகப் புரட்டப்பட்டு இன்றைய வடிவத்துக்கு வந்தது. கொதிநிலை காற்றழுத்தத்தோடு மாறும் என்பது அப்போதே தெரிந்த விஷயம். தண்ணீருக்குள் எங்கே வைத்தால் சரியான எண் வரும் என்ற சண்டை அதன் பிறகும் ஓயவில்லை. லண்டன் ராயல் சொசைட்டி ஹென்றி கேவண்டிஷ் தலைமையில் ஒரு குழு போட்டது, த லூக்கும் அதில் இருந்தார். 1777இல் வந்த அதன் பரிந்துரை, குமிழைத் தண்ணீரில் வைக்காமல் அதற்கு மேல் எழும் ஆவியில் வைக்கச் சொன்னது. தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடேறினாலும் மேலே வரும் ஆவி குமிழில் பட்டுத் துளியாகும் இடத்தில் அந்த அழுத்தத்துக்குரிய சூட்டைத்தான் காட்டும். நீண்ட கழுத்துள்ள குடுவையும் இரண்டு துளைபோட்ட கார்க்கும் இருந்தால் நம் லேபிலும் செய்யலாம். ஒரு துளையில் தெர்மாமீட்டர், இன்னொன்றில் ஆவி தடையில்லாமல் வெளியேற ஒரு குழாய். தண்டும் ஆவிக்குள்ளேயே நிற்பதால் இழைத் திருத்தமும் சுருங்கிவிடும். இன்னொரு வேடிக்கை, 1990இல் ஏற்கப்பட்ட பன்னாட்டு வெப்பநிலை அளவுகோலில் 1013.25 ஹெக்டோபாஸ்கலில்கூட தண்ணீரின் கொதிநிலை 99.974தான்.

மஞ்சள் பலகையும் மலை ரயிலும்

காற்றழுத்தம் எங்கே கிடைக்கும்? சில செல்போன்களில் அழுத்தம் உணரும் சில்லு இருக்கிறது. அது காட்டுவது நீங்கள் நிற்கும் இடத்தின் நிஜ அழுத்தம், அதை எடுத்துக்கொள்ளலாம். வானிலை செயலி காட்டும் எண்ணை மட்டும் அப்படியே எடுத்துவிடாதீர்கள். அது கடல்மட்டத்துக்குச் சரிக்கட்டிய அழுத்தம். சென்னையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று, அதனால் தப்பித்துக்கொள்ளலாம். ஊட்டியில் நின்று செயலியைத் திறந்தாலும் 1010, 1012 என்றுதான் காட்டும், அங்கே நிஜ அழுத்தம் 780ஐ ஒட்டி இருக்கும். இந்தப் பொறியில் விழுந்து, அழுத்தம் சரியாக இருந்தும் தண்ணீர் 93இல் கொதிக்கிறதே என்று தெர்மாமீட்டரைத் தூக்கிப்போட்டவர்கள் இருக்கலாம்.

கருவி ஒன்றும் இல்லாவிட்டால் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போங்கள். நடைமேடையின் கோடியில் ஊர்ப்பெயர் எழுதிய மஞ்சள் பலகையின் அடியில் கடல்மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கும். 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை ஏறத்தாழ 1 டிகிரி இறங்கும் என்று வைத்துக் கணக்குப் போடலாம். மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர், அங்கே தண்ணீர் 99ஐ ஒட்டிக் கொதிக்கும். அங்கிருந்து கிளம்பும் பல்சக்கர ரயில் குன்னூரில் சுமார் 1710 மீட்டருக்கு வரும்போது 94க்கும் 95க்கும் நடுவே. ஊட்டி ஸ்டேஷனில் 2200 மீட்டர், 93ஐ ஒட்டி. 46 கிலோமீட்டர் பாதையில் ஆறு டிகிரி. சுற்றுலா கூட்டிப்போகும் பள்ளிகள் ஒரு ஸ்டவ்வும் தெர்மாமீட்டரும் எடுத்துப்போய் மூன்று ஊரிலும் தண்ணீர் வைத்துப் பார்த்தால் லேபில் கிடைக்காதது அங்கே கிடைக்கும். அடுப்பை வண்டிக்குள் மூட்ட வேண்டாம், ஸ்டேஷனுக்கு வெளியே போதும்.

இதையே புரட்டிப் போட்டால் கொதிநிலையை அளந்து மலையின் உயரத்தைச் சொல்லிவிடலாம். 1848 முதல் 1850 வரை சிக்கிம் பக்கத்து இமயமலையில் அலைந்த தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர், பாரமானியோடு கொதிநிலை தெர்மாமீட்டர்களையும் சுமந்துபோய் உயரங்களைக் கணக்கிட்டார். ஊட்டியில் வெறும் பாத்திரத்தில் சோறு வேக நேரமாவதற்கும் இதுதான் காரணம். குக்கர் வைத்தாலும் முழுசாகச் சரியாவதில்லை. வெயிட் காப்பது வெளிக்காற்றுக்கு மேல் இத்தனை அழுத்தம் என்ற வித்தியாசத்தைத்தான். கடற்கரையில் 120 டிகிரிக்குப் போகும் குக்கர் ஊட்டியில் 116ஐ ஒட்டி நின்றுவிடும். ஒன்றிரண்டு நிமிடம் கூடுதலாக வைக்க வேண்டியிருக்கும்.

உப்பின் மேல் பழி

98ஐ யாராவது அழிக்காமல் விட்டால் அடுத்து வரும் சமாதானம், “எங்க ஊரு தண்ணி உப்பு சார்” என்பது. கொஞ்சம் யோசித்தால், உப்பு கொதிநிலையை ஏற்றும், இறக்காது. 98க்கு அது காரணமாக இருக்கவே முடியாது. ஏற்றுவதும் எவ்வளவு? லிட்டருக்கு 2 கிராம் உப்பு கரைந்த தண்ணீரை வாயில் வைத்தால் கரிக்கும். அதன் கொதிநிலை ஏறுவது 0.035 டிகிரி. சாதத்துக்குப் போடுவதுபோல லிட்டருக்கு 10 கிராம் போட்டாலும் 0.17தான். நம் தெர்மாமீட்டருக்கு இந்த எண்கள் கண்ணிலேயே படாது. காரணம் சொல்வது சுலபம், அந்தக் காரணத்தின் அளவைக் கேட்டால்தான் அது தேறுமா என்று தெரியும்.

அடுப்படியில் இதற்கு எதிர்மாறான நம்பிக்கை ஒன்று இருக்கிறது. உப்பு போட்டால் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும் என்பார்கள். போட்டவுடன் ‘குபீர்’ என்று பொங்குகிறதே, கண்ணால் பார்த்தோமே என்பார்கள். இதைச் சோதிக்க மின்தூண்டல் அடுப்பு நல்லது. கேஸ் அடுப்பில் திருகை ஒரே இடத்தில் வைத்தாலும் தீ ஒரே மாதிரி இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒரே எவர்சில்வர் பாத்திரத்தை எல்லாத் தடவைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரை டம்ளரால் அளக்காமல் தராசில் 500 கிராம் நிறுத்து ஊற்றுங்கள். ஒவ்வொரு தடவையும் தண்ணீர் 30 டிகிரியில் தொடங்க வேண்டும், பாத்திரமும் அடுப்பின் தட்டும் ஆறியிருக்க வேண்டும். இரண்டாவது தடவை சீக்கிரம் சூடாவதற்குப் பல நேரம் அடுப்பின் பழைய சூடுதான் காரணம். உப்பு 5 கிராம், ஆரம்பத்திலேயே போட்டுக் கரைத்துவிட வேண்டும். கொதிக்கும் வரை என்று நேரம் பார்க்காதீர்கள், கொதி எங்கே தொடங்கியது என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். 95 டிகிரியைத் தொடும் வரை என்று வையுங்கள்.

வரிசையும் முக்கியம். வெறும் தண்ணீர் மூன்று தடவை, பிறகு உப்புத்தண்ணீர் மூன்று தடவை என்று வைத்தால், இடையில் மின்னழுத்தம் இறங்கினாலோ அறை சூடேறினாலோ அந்தப் பழியும் உப்பின் தலையில் விழும். வெறும் தண்ணீர், உப்பு, உப்பு, வெறும் தண்ணீர் என்று ஆரம்பித்து அப்படியே மாற்றி மாற்றிப் போங்கள். மெதுவாக நகரும் எந்த மாற்றமும் இரண்டு பக்கமும் சமமாகப் பங்குபோட்டுக்கொள்ளும். ஒவ்வொன்றிலும் நான்கு எண் கிடைத்ததும், சராசரிகளை ஒப்பிடும் முன் வெறும் தண்ணீரின் நான்கு எண்களையும் தங்களுக்குள் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றுமே மாற்றாமல் செய்த நான்கு தடவைக்குள்ளேயே சில வினாடி முன்பின் இருக்கும். உப்பால் வரும் வித்தியாசம் அந்தச் சிதறலைத் தாண்டினால் பேசலாம். இந்த அளவு உப்புக்கு அது தாண்டாது.

அப்படியானால் பொங்கியது எது? அதற்கும் ஒரு பரிசோதனை உண்டு. ஆற்று மணலை ஐந்தாறு தண்ணீர் மாற்றிக் கழுவி, வெயிலில் காயவைத்து, ஆறவிடுங்கள். அறைச் சூட்டில் இருக்கும் உப்பு ஒரு டீஸ்பூன், அதே சூட்டில் மணல் ஒரு டீஸ்பூன். கொதித்து அடங்கிக்கொண்டிருக்கும் தண்ணீரில், முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, நீண்ட கரண்டியால் ஒரு பாத்திரத்தில் உப்பையும் இன்னொன்றில் மணலையும் போடுங்கள். இரண்டும் பொங்கும். மணல் கரைவதில்லை.